பெயர் அவளுடையது, முகம் என்னுடையது

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே தங்கள் தங்கை நலம். தங்கள் மருமகள் நலம். நான் வெளிப்பார்வைக்கு நலம். அங்கே தாங்களும் அக்காவும் அக்காவின் இடது முழங்காலும் நலமாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். கையில் போன் இருக்கும்போது இந்த ஆள் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று தாங்கள் கேட்பீர்கள். போனில் சொன்னால் மூன்றாவது வார்த்தையிலேயே நீங்கள் சிரிக்க ஆரம்பித்துவிடுவீர்கள், பிறகு போனை அக்காவிடம் கொடுப்பீர்கள், அவர்களும் சிரிப்பார்கள், நான் சொல்ல வந்தது சொல்லாமலே போய்விடும். இரண்டு தடவை அப்படித்தான் ஆனது. கடிதம் என்றால் நீங்கள் எவ்வளவு சிரித்தாலும் எனக்குக் கேட்காது. அதனால் எழுதுகிறேன்.

காரியம் இதுதான். பஸ் அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர் நீங்கள். உங்களிடம் வேலை கற்றவர்கள் இன்னும் அங்கே நாற்காலியில் இருக்கிறார்கள். அவர்களில் யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லி, பாப்பாவின் இலவசப் பயண அட்டையை, அதாவது அவள் முகம் போட்ட அட்டையை, சீக்கிரம் அனுப்பச் செய்ய வேண்டும். ஆறு வாரத்தில் வரும் என்றார்கள், ஒன்பது வாரம் முடிந்துவிட்டது. அதைவிட முக்கியம், நான் இதை வேண்டுமென்றே செய்யவில்லை என்று நீங்கள் பாப்பாவுக்கு நாலு வரி எழுத வேண்டும். நான் சொன்னதை அவள் நம்பினாளா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. தாய்மாமன் சொன்னால் நம்புவாள். எழுதும்போது பாப்பா என்று போடாதீர்கள், பதினேழு வயதாகிவிட்டதாம், அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். பள்ளிக்கூடம் முடித்ததும் நில அளவை படிக்கப் போகிறேன் என்றாள். அந்தக் கல்லூரி ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், பஸ்ஸில் முக்கால் மணி நேரம். நம் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு கல்லூரி இருக்கிறது, அங்கே மணியடித்தால் என் ஸ்டுடியோவில் கேட்கும், அதில் சேர்ந்தால் மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம். இதை நான் சொன்னேன். ஆனால் தூரம் என்று சொல்லவில்லை, சொன்னால் பயந்தாங்கொள்ளி என்பாள். தினமும் டிக்கெட் எடுத்துப் போய்வரக் கட்டுப்படியாகாது என்று சொன்னேன். சொல்லி ஒரு வாரம் ஆகவில்லை, இருபது வயதுக்கு உட்பட்ட எல்லோருக்கும் பஸ் இலவசம் என்று அறிவித்துவிட்டார்கள். மற்ற அப்பாக்கள் எல்லாம் சந்தோஷப்பட்டிருப்பார்கள். எனக்கு மட்டும் கையிலிருந்த ஒரே காரணத்தையும் யாரோ பிடுங்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது. பாப்பா செய்தித்தாளை அந்தச் செய்தி மேலே தெரிகிற மாதிரி மடித்து என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். நான் என்னத்தைச் சொல்வது? அட்டை வரட்டும், போ என்றேன்.

மறுநாளிலிருந்து என் ஸ்டுடியோவில் நிற்க இடம் இல்லை. அட்டைக்குப் படம் எடுக்க வந்த பிள்ளைகள் வாசல்படி வரைக்கும் வரிசை. தலைசீவிக்கொள்ளவே கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறவன் ஒருத்தன், கண்ணை மூடாமல் இருக்கத் தெரியாதவள் ஒருத்தி, என்று என் முதுகு ஒடிந்துபோனது. உங்களுக்குத் தெரியும், காலையில் கடை திறந்ததும் விளக்கைச் சரிபார்க்க நானே ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்வேன். இருபத்தாறு வருடப் பழக்கம். அந்தப் படத்தில் நான் அழகாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை, மூக்கோரம் நிழல் விழுகிறதா என்று பார்த்தால் போதும். அதனால் கண்ணாடி நெற்றியில் ஏறியிருக்கும், ஒரு கண் பாதி மூடியிருக்கும், வாய் திறந்திருக்கும். அன்றைக்குக் கூட்டம் வருவதற்கு முன்னால் பாப்பாவை உட்கார வைத்து எடுத்தேன். ஆகவே முதல் படம் நான், இரண்டாவது படம் அவள். "படத்தை மட்டும் குடுங்கப்பா, நானே அனுப்பிக்கிறேன்" என்றாள். ஊருக்கெல்லாம் படம் எடுத்து அனுப்புகிறவன், என் மகளுக்கு நான் அனுப்பக் கூடாதா என்று ரோஷம் வந்துவிட்டது. நீங்கள் கல்யாணத்துக்கு முன்னாலேயே உங்கள் தங்கையிடம் சொன்னீர்களாமே, இவர் எல்லாத்தையும் தானே செய்வார், ஜாக்கிரதை என்று. இடது கையால் ஒரு பையனின் தாடையை நிமிர்த்திக்கொண்டே வலது கையால் அனுப்பினேன். படம் தெளிவாக உள்ளதா என்று கம்ப்யூட்டர் கேட்டது, ஆம் என்றேன். முகம் நேராக உள்ளதா என்று கேட்டது, ஆம் என்றேன். இது யார் முகம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, மச்சான்.

பதினோராவது நாள் அட்டை வந்தது. பாப்பா உறையைப் பிரித்தாள், பார்த்தாள், அம்மாவிடம் கொடுத்தாள். உங்கள் தங்கை பார்த்துவிட்டுக் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என்ன என்று நான் வாங்கிப் பார்த்தேன். பாப்பாவின் பெயர். வயது பதினேழு. பெண். பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு, மீசையோடு நான். எனக்கும் சிரிப்பு வந்தது, சிரித்திருப்பேன், அதற்குள் பாப்பா கேட்டாள்.

"நான் அங்க போகக் கூடாதுன்னு வேணும்னே பண்ணீங்களாப்பா?"

"இல்லம்மா. கை தவறிப் போச்சு."

"நாற்பது பேர் படத்தைச் சரியா அனுப்பினீங்க. என் படம் மட்டும் எப்படிக் கை தவறிச்சு?"

எப்படி என்று எனக்கே தெரியவில்லையே. அன்றிலிருந்து நாலு நாள் அவள் என்னோடு பேசவில்லை. சாப்பிடும்போது உப்பு என் கைக்குப் பக்கத்தில் இருக்கும், "அம்மா, உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லும்மா" என்பாள். உங்கள் தங்கை என்னிடம், "உப்பாம்" என்பாள். இத்தனை வருடத்தில் அந்தப் பிள்ளை என்னை ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.

சரி, தப்பு நம்முடையது, நாமே சரிசெய்வோம் என்று அட்டை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். அரைமணி நேரம் இசை கேட்டேன். பிறகு ஒரு பெண் வந்தது.

"அட்டைதாரர் பேசறீங்களா சார்?"

"அட்டையில இருக்கிறது என் முகம்மா. பேரு என் பொண்ணோடது."

"அப்போ பதினேழு வயசு யாருக்கு?"

"பேருக்கு."

"முகத்துக்கு?"

"ஐம்பத்திரண்டு."

அந்தப் பெண் பக்கத்தில் யாரிடமோ சொல்லிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. திரும்ப வந்து, "முகம் கொஞ்சம் மாறியிருந்தா படத்தை மட்டும் மாத்திக்கலாம் சார். ஆளே மாறியிருந்தா தனி மனு. ஆறு வாரம் ஆகும்" என்றது. அதுவரைக்கும் இந்த அட்டை செல்லுமா என்று கேட்டேன். "நாங்க ரத்து பண்ணலையே. பஸ்ல என்ன சொல்வாங்கன்னு எங்களுக்குத் தெரியாது" என்றது. மனு போட்டேன். இந்தத் தடவை படத்தை நாலு பேரிடம் காட்டி, இது என் மகள்தானே என்று கேட்டுவிட்டு அனுப்பினேன்.

கல்லூரி திறந்த அன்று காலை ஏழு பத்து பஸ்ஸுக்கு, விவரம் சொல்லிவிட்டு வரலாம் என்று நானும் பாப்பாவோடு போனேன். அந்த பஸ்ஸின் கண்டக்டரம்மா காதில் பேனா செருகியிருப்பார்கள், யாருக்கும் ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்காத ஆள். அட்டையைப் பார்த்தார்கள், பாப்பாவைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். நான் விளக்கம் சொல்லச் சொல்ல பஸ் கிளம்பிவிட்டது. கடைசியில் தீர்ப்பு சொன்னார்கள்: "பேரு இந்தப் பொண்ணோடது, அது சரி. முகம் உங்களோடது, அதுவும் சரி. ரெண்டு பேரும் ஒண்ணா வந்தா அட்டையில தப்பே இல்ல. இவ மட்டும் வந்தா முகம் இல்ல, நீங்க மட்டும் வந்தா பேரு இல்ல." அப்போ ரெண்டு பேருக்கும் இலவசமா என்று கேட்டேன். "ஒரு அட்டைக்கு ஒருத்தர்தான் இலவசம். மத்தவங்க டிக்கெட் எடுங்க." எடுத்தேன். இலவச அட்டைக்குத் தினமும் டிக்கெட் எடுக்கிற ஒரே குடும்பம் நம்முடையதாகத்தான் இருக்கும். அதோடு விட்டார்களா? படத்தில் இருக்கிற மாதிரி இல்லையே என்று மறுநாள் சந்தேகம் வந்துவிட்டது. அன்றிலிருந்து நான் ஏறியதும், "கண்ணாடியை நெத்தியில ஏத்துங்க. ஒரு கண்ணை மூடுங்க. வாய்" என்பார்கள். பஸ் முழுக்கப் பார்க்க நான் வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

பாப்பாவும் ஒரு நிபந்தனை போட்டாள். உப்பைத் தவிர்த்து ஐந்தாவது நாள் என்னோடு பேசிய முதல் பேச்சு அது. "நீங்க முன்னாடி உட்காருங்க. நான் பின்னாடி என் கிளாஸ் பிள்ளைங்களோட. தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க." சரி என்றேன். முன்னால் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் போவேன், கல்லூரி வாசலில் அவள் இறங்குவாள், நான் அடுத்த பஸ் பிடித்துத் திரும்புவேன். கடை திறக்க ஒன்பதரை ஆகிவிடும். பக்கத்துக் கடைப் பூட்டு ரிப்பேர்க்காரர், வந்து காத்திருக்கிறவர்களிடம், "அவரா, காலேஜுக்குப் போயிருக்கார், வந்துடுவார்" என்று சொல்லிச் சொல்லி, இந்த வயதிலும் படிக்கிறீர்களே என்று இரண்டு பேர் எனக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம்தான் கடையில் கூட்டம் என்பதால் திரும்பி வருவதற்கு மட்டும் பாப்பாவிடம் டிக்கெட்டுக்குக் காசு கொடுத்துவிடுகிறேன். இதைப் பிடித்துக்கொண்டாள் உங்கள் தங்கை.

"காலையிலயும் அப்படியே அவகிட்ட காசைக் குடுத்துட்டு நீங்க கடையைத் திறக்கலாமே? அவளுக்கு ஒரு டிக்கெட்தான் ஆகும், நீங்க போக ஒண்ணு வர ஒண்ணு எடுக்கறீங்க."

"கிடைச்ச சலுகையை விடக் கூடாது" என்றேன்.

"எந்தச் சலுகை? தினமும் டிக்கெட் எடுத்துட்டுப் போறீங்க."

"அது கொள்கை."

உங்கள் தங்கை துணி மடிக்கப் போய்விட்டாள். நியாயமாகப் பார்த்தால் அவள் கேட்டதில் தப்பு இல்லை, மச்சான். எனக்கும் அதற்குப் பிறகு இரண்டு நாள் அது மனதில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஏழு மணிக்குச் செருப்பு மாட்டும்போது ஓடாது.

இரண்டாவது வாரம் பரிசோதகர் ஏறினார். முன்வாசலில் ஏறியிருந்தால் பிழைத்திருப்பேன், பின்வாசலில் ஏறினார். நேராகப் பாப்பாவிடம் போய் அட்டையை வாங்கினார். "யாரும்மா இது?" என்று கேட்டது முன்னால் எனக்குக் கேட்டது. சுற்றிலும் அவள் வகுப்புப் பிள்ளைகள். நான் எழுந்தேன். அந்த நேரம் பார்த்து டிரைவர் பாலத்தின் மேல் பிரேக் போட்டார், நான் ஒரு அம்மாவின் மடியிலிருந்த தக்காளிப் பையில் போய் உட்கார்ந்தேன். அந்த அம்மா என்னைச் சொன்னதை இங்கே எழுத முடியாது. எழுந்து, தக்காளியோடு நடந்து, பரிசோதகர் முன்னால் போய் நின்று, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, ஒரு கண்ணை மூடி, வாயைத் திறந்தேன். முன்னாலிருந்து கண்டக்டரம்மா, "முகம் வந்துடுச்சு சார், பாத்துக்குங்க" என்றார்கள். பஸ்ஸே சிரித்தது. பரிசோதகர் சிரிக்கவில்லை. அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு பாப்பாவைப் பார்த்து, "இவர் உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

மச்சான், எனக்கு அந்தக் கேள்விக்கு அவள் என்ன சொல்வாளோ என்று இருந்தது. தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளக் கூடாது என்பதுதானே ஒப்பந்தம். தெரியாது என்று சொல்லியிருந்தாலும் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன், தக்காளி ஒழுகிக்கொண்டு நின்ற என்னை யார் தெரியும் என்று சொல்வார்கள். அவள் எழுந்து நின்றாள். "எங்க அப்பா" என்றாள். பிறகு கைக்குட்டையை எடுத்து என் சட்டையைத் துடைத்துவிட்டு, "உட்காருங்கப்பா" என்று ஜன்னலோரம் நகர்ந்துகொண்டாள். பரிசோதகர் கண்டக்டரம்மாவிடம் போய் ஏதோ கேட்டார், அவர்கள் கையை ஆட்டி ஆட்டி அதே தீர்ப்பைத் திரும்பச் சொன்னார்கள், அவர் தலையில் அடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். அன்றிலிருந்து எனக்குப் பின்சீட்டுதான். அவள் வகுப்புப் பிள்ளைகள் என்னை முகம் அங்கிள் என்று கூப்பிடுகிறார்கள். நாலு பேர் ஸ்டுடியோவுக்கு வந்து படமும் எடுத்துக்கொண்டார்கள், போகும்போது யார் படத்தை அனுப்பப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

இப்போது பேசிக்கொண்டே போகிறோம். ஸ்கூட்டரில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்ட காலத்தில் காற்றுச் சத்தத்தில் அவள் சொன்னது ஒன்றும் எனக்குக் கேட்டதில்லை, எல்லாவற்றுக்கும் உம் போட்டுக்கொண்டே பன்னிரண்டு வருடம் ஓட்டியிருக்கிறேன். இப்போதுதான் கேட்கிறேன். பாலம் நடுவில் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது, வெறும் கண்ணுக்குத் தெரியாது, கருவி வைத்துப் பார்த்தால் தெரியும் என்றாள். நான் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்துக் கண்டக்டரம்மாவிடம் திட்டு வாங்கினேன். ஒரு நாள் கேட்டேன், உனக்கு இந்த நில அளவை ஆசை எங்கிருந்து வந்தது என்று. "சின்ன வயசுல உங்க கேமரா ஸ்டாண்டை நான்தானேப்பா பிடிச்சுப்பேன். அது நேரா நிக்குதான்னு பாக்கறது எனக்கு ரொம்பப் பிடிக்கும். இங்கயும் அதே வேலைதான், படம் மட்டும் இல்ல" என்றாள். என் தொழில் வேண்டாம் என்றுதான் அவ்வளவு தூரம் ஓடுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், மச்சான். ஒரு வருடமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்களிடம் ஒன்றை மறைக்கக் கூடாது. வேண்டுமென்று செய்யவில்லை, அது சத்தியம். ஆனால் அட்டையில் என் முகத்தைப் பார்த்த அந்த நிமிடம், சிரிப்பு வருவதற்கு முன்னால், அப்பாடா, இனி இவள் போக முடியாது என்று ஒரு சந்தோஷம் வந்துவிட்டுப் போனது. பாப்பா அப்போது என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாளோ என்று எனக்குப் பயம். மறுபடியும் அவள் அதைக் கேட்கவில்லை, நானும் பேச்செடுக்கவில்லை. என்னோடு பேசுகிறாள், சிரிக்கிறாள், எல்லாம் சரி. ஆனால் வகுப்பில் மற்றப் பிள்ளைகள் ஏறி அட்டையைக் காட்டிவிட்டுப் போய் உட்காருகிறார்கள், இவள் மட்டும் ஒரு அப்பாவைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. அவளுக்கு எவ்வளவு சங்கடமாக இருக்கும்? வாய்விட்டுச் சொல்கிற பிள்ளையா அவள்? அதனால்தான் உங்கள் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். அட்டையைச் சீக்கிரம் வரவழையுங்கள். அவள் தனியாகப் போகட்டும். அப்பா வேண்டுமென்று செய்யவில்லை என்று நாலு வரி எழுதுங்கள். இதைச் செய்தால் உங்களை என்றும் மறக்க மாட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கம். முழங்காலுக்கு மாடிப்படி வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். எங்கள் மூன்று பேருக்கும் தங்கள் ஆசி என்றைக்கும் வேண்டும்.

தங்கள் அன்புக்குரிய,
தங்கை வீட்டுக்காரர்

பின்குறிப்பு: மனு எண் இல்லாமல் உங்கள் ஆட்கள் எதைத் தேடுவார்கள் என்று, அதைப் பார்த்து எழுத, மனு ரசீது இருக்கிற பாப்பாவின் கல்லூரிப் பையை எடுத்தேன். அவளும் அம்மாவும் கடைக்குப் போயிருக்கிறார்கள். பக்கத்து ஜிப்பில் அட்டை இருந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு அட்டை இருந்தது. பெயரும் அவளுடையது, முகமும் அவளுடையது. நான் எடுத்த படம்தான், மூக்கோரம் நிழல் இல்லை, நன்றாக வந்திருக்கிறது. கூடவே மடித்து வைத்திருந்த உறையில் தேதி பார்த்தேன். வந்து மூன்று வாரம் ஆகிறது. மூன்று வாரமாக இதைப் பையில் வைத்துக்கொண்டேதான் தினமும் காலையில், "கிளம்பலையாப்பா, பஸ் போயிடும்" என்று என்னை விரட்டிக் கூட்டிப்போய், கண்டக்டரம்மாவிடம் என் முகம் போட்ட அட்டையை நீட்டிக்கொண்டிருக்கிறாள்.

எனக்குக் கொஞ்ச நேரம் எழுத்து தெரியவில்லை, அதுதான் இந்த வரி கோணல். ஆகவே மச்சான், மேலே கேட்டது எதையும் செய்ய வேண்டாம். யாரிடமும் சொல்ல வேண்டாம், பாப்பாவுக்கும் எழுத வேண்டாம். சாயங்கால டிக்கெட்டுக்கு மூன்று வாரமாக நான் கொடுத்த காசு எங்கே போனது என்று கேட்க வாய் துடிக்கிறது, ஆனால் அதைக் கேட்டால் மற்றதையும் கேட்க வேண்டிவரும், அதனால் விட்டுவிட்டேன். இரண்டு அட்டையையும் இருந்தபடியே வைத்து ஜிப்பை மூடிவிட்டேன். கடிதத்தைக் கிழித்துப் போட்டிருக்கலாம், யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவளாக அந்தப் புது அட்டையை எடுத்து நீட்டுகிற அன்றைக்கு நான் இறங்கிக்கொள்கிறேன். அதுவரைக்கும் முகம் நான்தான்.